கேமரா டிராலியும் டிராக்கும் நாமே செய்வது: டர்பன் குறும்படக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் பக்கம் குறும்படமும் கோயில் திருவிழாப் படமும் எடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். அளவுகள் எல்லாம் மில்லிமீட்டரில் உள்ளன. டிராலி என்பது சக்கரம் வைத்த மேடை, டிராக் என்பது அது ஓடுவதற்குத் தண்டவாளம் போலத் தரையில் போடும் இரண்டு குழாய்கள். ஒரு ஆள் ஏறி நின்று படம் எடுக்கக்கூடிய டிராலியை மனதில் வைத்தே எழுதுகிறோம். கேமரா மட்டும் நகரும் ஒரு மீட்டர் ஸ்லைடரைப் பற்றித் தனியாக ஒரு பதில் பின்னால் வருகிறது.

கையில் ஜிம்பல் இருக்கிறது. பிறகு டிராலி எதற்கு?

கேமரா சாய்வதையும் திரும்புவதையும் ஜிம்பல் சரிக்கட்டும். நடக்கும்போது நம் உடம்பு ஏறி இறங்குவதை அது சரிக்கட்டாது. ஒவ்வொரு அடிக்கும் படம் மெல்லத் தூக்கிப் போடுவது தெரியும். அகல லென்ஸில் மறைந்துவிடும், 50 மி.மீ. லென்ஸுக்குப் போனால் மறையாது. டிராலியில் இன்னொரு நன்மையும் உண்டு: முதல் டேக்கில் கேமரா எந்தக் கோட்டில் போனதோ, ஏழாவது டேக்கிலும் அதே கோட்டில்தான் போகும். நடிகருக்கும் ஃபோகஸ் பிடிப்பவருக்கும் இது பெரிய உதவி.

என்னென்ன வாங்க வேண்டும்?

மேடைக்கு 18 மி.மீ. ப்ளைவுட், 900-க்கு 750 அளவில் ஒன்று. 60-க்கு 60 அளவும் 6 மி.மீ. கனமும் உள்ள இரும்பு ஆங்கிள், 200 மி.மீ. நீளத்தில் நான்கு துண்டு. 200-க்கு 90 அளவில் 5 மி.மீ. தகடு நான்கு. 52 மி.மீ. விட்டமுள்ள ஸ்கேட்போர்டு சக்கரம் 16. ஒரு சக்கரத்துக்கு இரண்டு என்று 608 பேரிங் 32. அவற்றின் நடுவில் வைக்க 10 மி.மீ. ஸ்பேசர் 16. சக்கரங்களுக்கு எம்8 போல்ட், 60 மி.மீ. நீளத்தில் 16. எம்8 சாதா நட் 16, நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, அதிர்வில் கழலாத நட்) 16, சின்ன வாஷர் 32. தகடுகளை மேடையில் பூட்ட 40 மி.மீ. நீள எம்8 போல்ட் 16, அவற்றுக்கு நைலாக் நட் 16, பெரிய வாஷர் 32. நடுவில் முக்காலியைக் கட்ட, தலையில் வளையம் உள்ள ஐபோல்ட் ஒன்று.

608 பேரிங்கின் உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22, கனம் 7. அதனால்தான் போல்ட் எம்8 என்று சொல்கிறோம். பேரிங் வாங்கும்போது இருபுறமும் ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் வகையைக் கேளுங்கள். தகர மூடி போட்டது கொஞ்சம் லேசாகச் சுழலும், ஆனால் டர்பன் கடற்காற்றுக்கு ஒரு பருவம்கூடத் தாங்காது.

சக்கரத்தின் கடினத்தை 78ஏ, 85ஏ, 99ஏ என்று எண்ணால் குறிப்பார்கள். எண் ஏற ஏறக் கடினம். நமக்கு 78ஏ முதல் 85ஏ வரை போதும். 99ஏ சக்கரம் குழாயின் மேல் கலகலவென்று ஓசை எழுப்பும், வசனம் பதிவு செய்யும்போது அது அப்படியே மைக்கில் ஏறும்.

வெல்டிங் எப்படிச் செய்யச் சொல்வது?

நம் ஊரில் இரும்புக் கேட்டும், சன்னலுக்குப் போடும் பர்க்ளர் கார்டும் செய்யாத தெரு இல்லை. அந்த வெல்டிங் கடையில் இதைச் செய்து தருவார்கள், படம் வரைந்து கொண்டு போனால் போதும்.

முன்னாலிருந்து பார்த்தால் ஆங்கிள் துண்டின் முனை கீழே, திறந்த பக்கம் மேலே, அதாவது ஆங்கில வி எழுத்துப் போல இருக்க வேண்டும். முனையை மேலே வைத்துவிடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. அப்படி வைத்தால் சக்கரங்கள் குழாயைக் கவ்வாமல் விலகி நிற்கும். ஆங்கிளின் இரண்டு வெளிமுகங்களிலும் முகத்துக்கு இரண்டு சக்கரம் வரும். இருபக்கச் சக்கரங்களும் 45 டிகிரி சாய்ந்து, குழாயின் இரு தோள்களில் உட்காரும்.

50 மி.மீ. வெளிவிட்டக் குழாய்க்கு, ஆங்கிளின் முனையிலிருந்து 32 மி.மீ. உயரத்தில் துளையின் மையம் வர வேண்டும். ஒரே முகத்தில் உள்ள இரண்டு துளைகளுக்கும் இடையே 110 மி.மீ. இருக்கட்டும். போல்ட்டை உள்ளிருந்து வெளியே செருகி, தலையை உள்பக்கம் வெல்ட் வைக்கச் சொல்லுங்கள். தகட்டை மூடிய பிறகு உள்ளே ஸ்பேனர் நுழைவது கஷ்டம், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இதற்கு 8.8 என்று தலையில் குத்திய போல்ட் வேண்டாம். வெல்டிங் சூட்டில் அதன் பதம் போய்விடும். சாதாரண மைல்ட் ஸ்டீல் போல்ட்டே சரி. துத்தநாகம் பூசிய போல்ட்டானால் தலையிலுள்ள பூச்சைத் தேய்த்து எடுத்த பின்பே வெல்ட் வைக்க வேண்டும், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. மரையின் மேல் பொறி தெறிக்காமல் ஒரு பழைய நட்டைத் திருகி வையுங்கள்.

பிறகு தகட்டை வியின் திறந்த விளிம்புகளின் மேல் வைத்து வெல்ட் செய்ய வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரேயடியாக இழுத்தால் ஆங்கிள் வளைந்துவிடும். நான்கு மூலையிலும் பொட்டு வைத்துவிட்டு, மாற்றி மாற்றி 20 மி.மீ. நீளத்துக்குப் பிடிக்கச் சொல்லுங்கள். மேடையில் பூட்டுவதற்கான நான்கு துளைகளும் தகட்டில் வெல்டிங்குக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். அவற்றுக்குரிய போல்ட்டுகளை மேடையின் மேலிருந்து இறக்கி, நட்டைத் தகட்டின் அடியில், ஆங்கிளின் திறந்த முனைகள் வழியாகப் பிடிக்க வேண்டும். அதனால் துளைகள் முனையிலிருந்து 20 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

நான்கையும் ஒன்றாகச் செய்யக் கொடுக்காதீர்கள். ஒன்றை மட்டும் செய்து, சக்கரம் மாட்டி, குழாயின் மேல் வைத்துப் பாருங்கள். சக்கரத்தின் அகலம் கம்பெனிக்குக் கம்பெனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறும், அதற்கேற்ப அந்த 32 என்ற அளவும் மாறும். ஆங்கிளின் முனை குழாயில் உரசாமல் இருக்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் ஓட்டுப்பரப்பின் நடுப்பகுதி குழாயைத் தொட வேண்டும். இரண்டும் சரியென்றால் மீதி மூன்றையும் அதே அளவில் செய்யலாம்.

சக்கரத்தை மாட்டும் வரிசை என்ன?

வெளியே நீட்டிய போல்ட்டில் முதலில் சாதா நட் போட்டு ஆங்கிளோடு இறுக்குங்கள். அந்த நட்டின் கனம்தான் சக்கரம் இரும்பில் உரசாமல் இடைவெளி தருகிறது. அடுத்து வாஷர், சக்கரம், வாஷர், நைலாக் நட். ஸ்பேசர் சக்கரத்துக்குள் இருபேரிங்குக்கு நடுவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் நட்டை இறுக்கினால் பேரிங்கின் உள்வளையங்கள் ஒன்றை ஒன்று நோக்கி நெருங்கி, சக்கரம் திக்கித் திக்கிச் சுற்றும்.

வாஷர் சின்னதாக இருக்க வேண்டும். அகன்ற வாஷர் பேரிங்கின் வெளிவளையத்தைத் தொட்டுக்கொண்டு பிரேக் போல வேலை செய்யும். ஸ்கேட்போர்டு கடையில் இதற்கென்றே குட்டி வாஷர் தருவார்கள்.

டிராலி சில இடத்தில் தடையில்லாமல் ஓடுகிறது, சில இடத்தில் இறுகிப் பிடிக்கிறது. ஏன்?

இரண்டு குழாய்க்கும் இடையே உள்ள அகலம் வழிநெடுக ஒரே மாதிரி இல்லை. நான்கு மூலையிலும் வி வடிவச் சக்கரம் குழாயைக் கவ்வும்போது, அகலம் இரண்டு மில்லிமீட்டர் மாறினாலும் டிராலிக்கு ஒதுங்க வழியில்லை. சக்கரங்கள் குழாயின் மேல் ஏறப் பார்க்கும், அல்லது நெருக்கிப் பிடிக்கும்.

தீர்வு எளிது. ஒரு பக்கத்து இரண்டு மூலைகளையும் மேடையில் அசையாமல் பூட்டுங்கள். மறுபக்கத்து இரண்டையும் பூட்டும் துளைகளை மேடைப் பலகையில் குறுக்குவாட்டில் 10 மி.மீ. நீள்துளையாக்கி, மேலே பெரிய வாஷர் போட்டு, நைலாக் நட்டை முழுவதும் இறுக்காமல் விடுங்கள். அந்தப் பக்கம் தானே இடம் தேடிக்கொள்ளும். இந்தச் சின்ன வேலையைச் செய்த டிராலியையும் செய்யாததையும் அடுத்தடுத்துத் தள்ளிப் பார்த்தால் விரலாலேயே வித்தியாசம் தெரியும்.

மேடைக்கு அடியில் இரும்புச் சட்டம் அடித்து மிகவும் விறைப்பாக்கவும் வேண்டாம். ப்ளைவுட் லேசாக நெளிந்து கொடுப்பதால்தான் நான்கு மூலையும் எப்போதும் குழாயைத் தொடுகின்றன.

டிராக்குக்கு இரும்புக் குழாயா, பிவிசி குழாயா?

ஆள் ஏறுவதென்றால் இரும்பு. கேமராவும் முக்காலியும் மட்டும் போவதென்றால் பிவிசி போதும். ஆனால் அதன் அடியில் 400 மி.மீ.க்கு ஒரு தாங்கல் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தாங்கல்களுக்கு நடுவே குழாய் தொய்ந்து, படம் மெல்லக் கடலலை போல ஏறி இறங்கும். இரும்புக்கு 1 மீட்டருக்கு ஒரு குறுக்குக் கட்டை போதும்.

பிவிசிக்கு வெயில் எதிரி. 6 மீட்டர் குழாய் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 12 மி.மீ. நீளும். வெயில் படும் பக்கம் மட்டும் நீண்டு குழாய் வில்லாக வளைவதும் உண்டு. காலையில் போட்ட டிராக்கை மதியம் மறுபடி மட்டம் பாருங்கள்.

குழாய் 6 மீட்டர் நீளத்தில்தான் விற்கும். பக்கியில் (பின்பக்கம் திறந்த சிறிய சரக்கு வண்டியில்) ஏற்ற வேண்டுமென்றால் 3 மீட்டராக அறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி கட்ட மறக்க வேண்டாம்.

இரு குழாய்களின் மையத்துக்கும் இடையே 620 மி.மீ. வையுங்கள். வாடகைக்குக் கிடைக்கும் தொழில்முறை டிராக்கும் ஏறத்தாழ இந்த அகலம்தான் என்பதால், பின்னாளில் அதன் மேலும் உங்கள் டிராலியை ஓட்டிப் பார்க்கலாம். குறுக்குக் கட்டைகளில் வி வெட்டு வெட்டி, குழாயை அதில் படுக்க வைத்து, அடிப்பக்கத்திலிருந்து திருகாணியால் பிடியுங்கள். மேலிருந்து எதையும் சுற்றிக் கட்டக் கூடாது, சக்கரம் அதில் ஏறும்.

குழாய்கள் சேரும் இடத்தில் 'டொக்' என்று தூக்கிப் போடுகிறதே?

மூன்று காரணம் இருக்கலாம். முதலாவது, குழாய் நேராக அறுபடவில்லை. அறுத்த முனையை மூலைமட்டம் வைத்துப் பார்த்து, அரத்தால் சீர்படுத்துங்கள். பிசிறு ஒரு மயிரளவு நின்றாலும் சக்கரம் அதைச் சொல்லிவிடும். இரண்டாவது, உள்ளே செருகும் துண்டு தளர்வாக இருக்கிறது. 300 மி.மீ. நீளமுள்ள கட்டையையோ சிறிய குழாயையோ இருபக்கமும் 150 மி.மீ. போகும்படி செருக வேண்டும். தளர்வாக இருந்தால் மின்சார டேப்பை ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று சுற்றி, கையால் அழுத்தினால் மட்டுமே நுழையும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாவது, இணைப்புக்கு நேர் அடியில் கட்டை இல்லை. ஒவ்வொரு இணைப்பின் கீழும் ஒரு கட்டை கட்டாயம்.

இடது குழாயின் இணைப்பும் வலது குழாயின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் தள்ளிப் போடுவதும் நல்லது. அதற்கு ஒரு பக்கம் 3 மீட்டர் குழாயும், மறுபக்கம் முதலில் 1.5 மீட்டர் துண்டும் வைத்துத் தொடங்குங்கள். எட்டுச் சக்கரத்தோடு நிறுத்தாமல் 16 போடச் சொன்னதும் இதற்காகத்தான். ஒரு சக்கரம் இணைப்பைத் தாண்டும்போது பக்கத்துச் சக்கரம் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

மட்டம் பார்ப்பது எப்படி?

டிராலி செய்வதைவிட டிராக் போடுவதில்தான் ஷாட்டின் தரம் இருக்கிறது. புதிதாகச் செய்பவர்கள் பத்து நாள் டிராலிக்குச் செலவழித்துவிட்டு டிராக்குக்குப் பத்து நிமிடம் தருகிறார்கள். 6 மீட்டர் டிராக்குக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் தரையில் மிக உயரமான இடத்தைக் கண்டுபிடியுங்கள். டிராக்கின் அந்தப் பகுதி தரையோடு இருக்கட்டும், மற்ற எல்லாவற்றையும் அதன் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். தாழ்ந்த முனையிலிருந்து தொடங்கினால் பாதி வழியில் தரை குறுக்கே வந்து நிற்கும், எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும். ஒரு குழாயின் மேல் நீளவாட்டில் ரசமட்டம் வைத்து, ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஆப்பு செருகிச் சரிசெய்யுங்கள். அது முடிந்தபின்தான் குறுக்குவாட்டில் ரசமட்டம் வைத்து இரண்டாவது குழாயை முதல் குழாயோடு சமமாக்க வேண்டும். இரண்டையும் கலந்து பார்த்தால் முடிவே வராது.

ஆப்புகளை இரண்டிரண்டாக, எதிரெதிர் திசையில் செருகுங்கள். ஒற்றை ஆப்பு கட்டையின் ஒரு விளிம்பை மட்டும் தூக்கும். பைன் மரத்தில் 150 மி.மீ. நீளம், கனமான முனை 25 மி.மீ. என்று 40 ஆப்பு வெட்டி ஒரு வாளியில் வைத்துக்கொண்டால் ஒரு நாள் படப்பிடிப்புக்குப் போதும். கடைசியில் ஒரு ஆள் டிராலியில் ஏறி நிற்க, மெதுவாக ஒருமுறை தள்ளுங்கள். பாரம் ஏறியதும் எந்த ஆப்பு அசைகிறது என்று இன்னொருவர் குனிந்து பார்க்கட்டும்.

தள்ளாமல் விட்டால் டிராலி தானாக உருளக் கூடாது. உருண்டால் நீளவாட்டு மட்டம் சரியில்லை. சரிவான இடத்தில் வேண்டுமென்றே சாய்வாக டிராக் போட்டிருந்தால் இரு முனையிலும் கட்டைத் தடுப்பு கட்டியே ஆக வேண்டும்.

தள்ளுபவருக்கு என்ன சொல்லித் தர வேண்டும்?

6 மீட்டர் டிராக்கில் 900 மி.மீ. டிராலி ஓட 5.1 மீட்டர்தான் மிச்சம். வேகம் எடுக்க அரை மீட்டர், நிற்க அரை மீட்டர் போனால் படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 4 மீட்டர். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் அது 8 நொடி. ஷாட்டைத் திட்டமிடும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். வசனம் 14 நொடி என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது இன்னொரு ஜோடி குழாய் வேண்டும்.

தள்ளுபவர் கையை மடக்கி உடம்போடு ஒட்டிக்கொண்டு, காலால் நடந்து தள்ள வேண்டும். கையை நீட்டித் தள்ளினால் ஒவ்வொரு அடியின் உந்தலும் டிராலியில் போய்ச் சேரும். தொடங்கும் இடம், நிற்கும் இடம் இரண்டுக்கும் தரையில் வண்ண டேப் ஒட்டுங்கள். நிற்கும் டேப்புக்கு அரை மீட்டர் முன்னால் இன்னொரு டேப், அங்கிருந்து வேகம் குறைய வேண்டும். "ஆக்‌ஷன்" என்பதற்கு முன்பே டிராலி நகரத் தொடங்கலாம். வெட்டுக்கு உதவியாக, நின்ற பின்னும் மூன்று நொடி கேமராவை ஓடவிடுங்கள். "தம்பி, மெதுவா நிறுத்து" என்று டேக்கின் நடுவில் கத்துவதைவிட, கேமராக்காரர் விரலால் மேடையில் தட்டி அடையாளம் காட்டுவது நல்லது. ஒலிப்பதிவு கெடாது.

கேமராவில் என்ன வைக்க வேண்டும்?

தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் வீட்டு விளக்குகளில் படம் சிமிட்டாது. மின்வெட்டு நேரத்தில் சின்ன ஜெனரேட்டரில் விளக்கு எரித்தால் அதன் ஹெர்ட்ஸ் நிலையாக இருக்காது, சிமிட்டல் வரலாம். அப்போது பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கு நம்பகமானது.

கேமராவுக்குள் உள்ள ஸ்டெபிலைசேஷனை டிராலியில் அணைத்துவிடுங்கள். டிராலி கிளம்பும்போது அது நகர்வை நடுக்கம் என்று நினைத்து எதிர்த்துப் பிடிக்கும், பிறகு சட்டென்று விட்டுவிடும். படத்தில் அது ஒரு சின்ன குதிப்பாகத் தெரியும்.

பக்கவாட்டில் போகும் ஷாட்டுக்கு முன்னால் ஏதாவது ஒரு பொருள் வேண்டும். நடிகர் 3 மீட்டரில், பின்னால் வெறும் சுவர் என்றால் கேமரா நகர்ந்ததே தெரியாது. கேமராவிலிருந்து 1 மீட்டரில் ஒரு வராந்தாத் தூணோ, கரும்புத் தோகையோ, கொடியில் காயும் புடவையோ கடந்து போகட்டும். அது வேகமாகவும் நடிகர் மெதுவாகவும் நகர்வதில்தான் டிராலி ஷாட்டின் அழகே இருக்கிறது.

ஒரு மீட்டர் ஸ்லைடர் மட்டும் போதும் என்றால்?

மேசை டிராயருக்குப் போடும் ரன்னரில் செய்யாதீர்கள், அதில் பக்கவாட்டு ஆட்டம் உண்டு. 25 மி.மீ. அலுமினியக் குழாய் இரண்டை 150 மி.மீ. இடைவெளியில் இரு மரக்கட்டைகளில் பதித்து, மேலே இதே சாய்வுச் சக்கர முறையில் சிறிய தட்டு ஓட விடலாம். இரு முனையையும் தாங்க வேண்டும். நடுவில் ஒரு முக்காலி மட்டும் வைத்தால் கேமரா ஓரத்துக்குப் போகும்போது முழுவதும் அந்தப் பக்கம் சாயும்.

காவடி ஊர்வலத்தில் டிராக் போடலாமா?

கூடாது. தைப்பூசக் காவடியானாலும் சித்திரைப் பருவக் காவடியானாலும் பக்தர்கள் வெறுங்காலோடு, பலர் அருள் வந்த நிலையில், காவடியைத் தோளில் சுமந்து வருகிறார்கள். தரையில் இரும்புக் குழாய் கிடந்தால் தடுக்கி விழுவார்கள். தேர் இழுக்கும் வடத்துக்குப் பக்கத்திலும் அப்படியே.

அங்கே காற்றடித்த டயர் உள்ள சக்கர நாற்காலி நல்ல பலன் தரும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் தார்ச்சாலையின் அதிர்வை அதுவே விழுங்கும். கேமராக்காரர் பின்னோக்கி உட்கார்ந்து, இடுப்புப் பட்டை கட்டி, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளட்டும். இழுப்பவருக்கு முன்னால் வழி பார்க்க இன்னொருவர் தேவை. லென்ஸ் 35 மி.மீ.க்குள் இருக்கட்டும். ஊர்வலத்தின் ஓரத்தில் போக வேண்டும், குறுக்கே வெட்டக் கூடாது. கோயில் கமிட்டியிடம் முன்கூட்டியே கேட்டு, எங்கெங்கே நிற்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கோயிலுக்குள் செருப்போடு நாற்காலியை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கடற்கரையில் எடுப்பதென்றால்?

புரொமனேட் நடைபாதை சமதளம், அங்கே சக்கர நாற்காலியே போதும். மணலில் டிராக் போட்டால் கட்டைகளுக்கு அடியில் 300 மி.மீ. அகலப் பலகைகளைப் பரப்புங்கள். கட்டை மட்டும் வைத்தால் ஒவ்வொரு டேக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும். டர்பன் நகராட்சிக்குரிய இடங்களில் படம் எடுக்க அனுமதி தேவை. அதற்கு டர்பன் ஃபிலிம் ஆபீஸை அணுகுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சக்கரங்களையும் குழாய்களையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலரவிடுங்கள். ஹோஸ் குழாயால் பீய்ச்சி அடித்தால் உப்பும் மணலும் பேரிங்குக்குள் போகும். இரும்புக் குழாய்க்கு லேசாக எண்ணெய் தடவி வைத்து, அடுத்த படப்பிடிப்புக்கு முன் அதை முழுவதும் துடைத்தெடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு ஓட்டினால் சக்கரம் வழுக்கி நிற்கும், தூசியும் அப்பிக்கொள்ளும்.

ஓடும் பக்கியின் பின்னால் நின்று எடுக்கலாமா?

இந்தச் சாமான்களை நம்பி வேண்டவே வேண்டாம். பொதுச்சாலையில் ஆள் விழுந்தால் உயிருக்கு ஆபத்து.

டிராலியை எப்படி வைத்திருப்பது?

டிராக்கின் மேல் பாரத்தோடு இரவு முழுவதும் விடாதீர்கள். பாலியூரிதேன் சக்கரம் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகி, மறுநாள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தட்டும். அப்படி ஆகிவிட்டால் சக்கரத்தைக் கழற்றி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் பழைய உருவத்துக்கு வரும். வராத சக்கரத்தில் சாக்பீஸால் குறி போட்டு, அதை மட்டும் மாற்றிவிடுங்கள். இதற்காகவே வாங்கும்போது 16-க்குப் பதில் 20 சக்கரம் வாங்கி வைப்பது நல்லது. டிராலியை மல்லாக்க, சக்கரம் மேலே பார்க்க வைத்து, பழைய படுக்கை விரிப்பால் மூடி வையுங்கள்.